அடிபட்ட பக்கத்து லோயர் ஆர்ம்

வரவேற்பறையில் குடிநீர்க் குடுவைக்கு மேலே கறுப்புச் சட்டம் போட்டு ஒரு கடிதம் தொங்குவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் காலையில் அதைத்தான் காட்டுகிறார்களாம். "ஒரு மெக்கானிக்கின் அலட்சியத்தை உடனே கண்டுபிடித்து, என் குடும்பத்தைத் தேடிக் கடற்கரைச் சாலை வரைக்கும் ஓடி வந்து காப்பாற்றிய சர்வீஸ் மேனேஜர்" என்று ஒரு வாடிக்கையாளர் எழுதியது. அந்த மேனேஜர் நான்தான்.

உங்கள் பயிற்சிக் கையேட்டுக்காக என் அனுபவத்திலிருந்து நாலைந்து சம்பவங்கள் எழுதித் தரும்படி நிர்வாகத்தில் கேட்டார்கள். எழுத உட்கார்ந்து, மூன்று சம்பவங்களை எழுதி, மூன்றையும் கிழித்துப் போட்டேன். அந்தக் கடிதம் சுவரில் இருக்கும்வரை நான் வேறு எதை எழுதினாலும் அதற்கு மதிப்பில்லை. ஆகவே ஒரே ஒரு சம்பவம்.

இன்று நீங்கள் விற்பது வேறு கம்பெனியின் வண்டி. ஆனால் இதே கட்டடத்தில், இதே ஜி.எஸ்.டி. சாலையில், சிங்கப்பெருமாள்கோயிலைத் தாண்டி இந்த இடத்தில்தான் இருபது வருஷத்துக்கு மேல் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வண்டிகள் முதலில் வந்தபோது உள்கிராமங்களிலிருந்து விவசாயிகள் ஷோரூமுக்கு வருவார்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால் கதவைத் திறந்து சாத்திப் பார்ப்பார்கள். இரும்புப் பெட்டியை மூடுவது போல 'டப்' என்று ஒரு சத்தம் வரும். "கெட்டி வண்டிப்பா" என்று தலையாட்டுவார்கள். விற்பனை பாதி அந்தச் சத்தத்திலேயே முடிந்துவிடும்.

அந்தப் பெயர் கடைசி வரைக்கும் கூடவே வந்தது. பெட்ரோல் குடிக்கும், பார்ட்ஸ் விலை அதிகம், விற்கப் போனால் பாதி விலைக்குக் கேட்பான் என்றெல்லாம் வெளியே பேசுவார்கள். வைத்திருப்பவரைக் கேட்டால், "நாலு வழிச் சாலையில் நூறில் போகும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்" என்பார். பெரிய வண்டிக்குப் பிறகு சின்ன வண்டி வந்தது, பிறகு உயரமான வண்டி வந்தது. ஊரப்பாக்கத்திலும் மறைமலைநகரிலும் வாசலுக்கு வாசல் ஒன்று நின்றது. எதிரில் அதே வண்டி வந்தால் விளக்கை ஒரு முறை சிமிட்டிவிட்டுப் போகும் வழக்கம் கூட அவர்களுக்குள் இருந்தது. நானும் ஒன்று வாங்கினேன். இதைப் பின்னால் சொல்லவேண்டியிருக்கும்.

பிறகு ஒரு பிற்பகலில், டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கம்பெனி இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்துகிறது என்ற செய்தி கைப்பேசிகளில் வந்தது. நாங்கள் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் வரவேற்பறைத் தொலைபேசி அடித்தது. அடுத்த மூன்று நாளும் அது ஓயவில்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "பார்ட்ஸ் கிடைக்குமா?" கிடைக்கும், இன்னும் பல வருஷம் கிடைக்கும் என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னோம். கிடைக்கவும் செய்தது. ஆனால் முன்பு மறுநாள் காலையில் வந்தது இப்போது என்றைக்கு வரும் என்று எங்களுக்கே தெரியவில்லை. சாமான் வராத வண்டிகள் பின்பக்க யார்டில் வரிசையாக நின்றன. பயந்த பணியாளர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள்.

அப்போதுதான் 'இரவல்' என்ற பழக்கம் எங்களிடம் வந்தது. அவசரமாக வெளியே போகவேண்டிய வண்டிக்கு, யார்டில் நிற்கும் வண்டியிலிருந்து சாமானைக் கழற்றி மாட்டுவோம். கழற்றிய வண்டியின் முன்கண்ணாடியில் வெள்ளை மார்க்கரால் எதை எடுத்தோம் என்று எழுதிவைப்போம். புதுச் சாமான் வந்ததும் அதைக் கழற்றிய வண்டியிலேயே போட்டு எழுத்தை அழித்துவிடுவோம். எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை. சில வண்டிகளின் கண்ணாடியில் ஓட்டுநர் இருக்கையே தெரியாத அளவுக்கு எழுத்து நிறைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் சாப்பிடப் போவேன்.

இந்த நிலையில்தான் ஒரு வியாழக்கிழமை மதியம் தனசேகர் வந்தார். பாலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். இப்போது நாலு தண்ணீர் லாரி ஓட்டுகிறார். எங்கள் வண்டியை வைத்திருப்பவர்கள் கைப்பேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள், அதை நடத்தியது அவர்தான். அவர் எழுதினால் செங்கல்பட்டு மாவட்டமே படித்துவிடும். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு முறை அந்தக் குழுவில் 'பார்ட்ஸ் இல்லை'ன்னு வந்தா, சர்வீஸை மூடிடலாம் சார். மிச்சம் இருக்கிற நாப்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்று சொல்லியிருந்தார்.

"சார், முன்னாடி லெப்ட்ல லொட லொடன்னு சத்தம். இன்னான்னு பாத்து வுடு. நாளைக்குப் பொண்ணுக்கு வளைகாப்பு சார், சதுரங்கப்பட்டினத்துல, சம்மந்தி வூட்ல. முடிச்சிட்டு அவள நம்ம வூட்டுக்குக் கூட்டிகினு வரணும்" என்றார் தனசேகர்.

எங்களிடம் அப்போது இருந்தவர்களில் மூத்த மெக்கானிக் ஏழுமலை. அவர் வண்டியை ஏற்றிப் பார்த்துவிட்டு, லோயர் ஆர்ம் போய்விட்டது என்றார். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் இரும்புக் கை அது. சத்தம் வரும்வரை தப்பில்லை, சத்தம் வந்தபின் ஓட்டக்கூடாது. புதிது வர மூன்று நாளாகும்.

"வேற வண்டி வச்சிக்கிட்டுப் போயிடுங்களேன்" என்றேன்.

"இன்னா சார் நீ! இந்த வண்டியிலதான் அவள டுவல்த் எக்ஸாமுக்குக் கூட்டிகினு போனேன். இதுலதான் ஓட்டக் கத்துக்கினா. காலேஜ் படிக்கசொல்ல அவதான சர்வீசுக்கு எடுத்துகினு வருவா, உனக்குத் தெரியாதா? கல்யாணத்தன்னிக்கு இதுலதான் போனா. புள்ளத்தாச்சிய டாக்ஸில கூட்டிகினு வந்தா சம்மந்தி வூட்ல இன்னா நெனைப்பாங்க? 'மாமா, உங்க அமெரிக்கா வண்டி எங்க, ஓடிப்பூட்ச்சா?'ன்னு மாப்ள ஏற்கனவே நக்கல் வுட்டுகினு கீறான்." சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "முடியலன்னா முடியலன்னு சொல்லு சார். நான் குரூப்ல கேட்டுப் பாக்கறேன், யார்னா வச்சிருப்பாங்க" என்றார்.

அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே கேட்டுப் பார்க்கத்தான் நினைத்தார். என் காதில்தான் அது மிரட்டலாக விழுந்தது. "சாயங்காலம் வாங்க, ரெடியா இருக்கும்" என்றேன்.

யார்டில் அதே மாடலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று ஏ.சி. சாமானுக்காகக் காத்திருந்தது. அதன் உரிமையாளர் ஒரு வக்கீல். சனிக்கிழமைதோறும் வந்து பானெட்டைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார். அதைத் தொட எனக்குப் பயம். இன்னொன்று படாளம் பக்கத்தில் சாலையோரத் தடுப்பில் மோதிய வண்டி. இன்சூரன்ஸ் ஆள் வரும்வரை யாரும் அதைத் தேடி வரமாட்டார்கள். மோதியது இடது முன்பக்கம். எங்களுக்கு வேண்டியதும் இடது ஆர்ம்.

ஏழுமலை கழற்றிக் கொண்டுவந்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், இது அடி வாங்கின பக்கம்."

"வளைஞ்சிருக்கா?"

"வளையல."

"அப்புறம் என்ன? நேராத்தானே இருக்கு. இந்த வண்டி இரும்புக்கு ஒண்ணும் ஆகாது. மூணு நாள்ல புதுசு வந்ததும் மாத்திடலாம். போடுங்க."

"சாக்பீஸ் போட்டாவது பாக்கலாம் சார். ஊற வச்சிப் பாக்க ஒரு மணி நேரம்தான்."

மணி நாலரை. தனசேகர் ஐந்து மணிக்கு வந்துவிடுவார். "போடுங்க" என்றேன் மறுபடியும். அவர் போட்டார்.

அந்த சாக்பீஸ் வித்தையை எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தது ஒரே ஆள்தான், ஆரம்ப காலத்தில் இங்கே இருந்த ஃபோர்மேன். விபத்தில் அடிபட்ட ஒரு சாமானை நான் ஒருமுறை கண்ணால் பார்த்தே 'சரி' என்று எழுதியிருந்தேன். அவர் அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, சாக்பீஸ் தூளைத் தடவி என் மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். சற்று நேரத்தில் வெள்ளைத் தூளின் நடுவே மண்ணெண்ணெய் கசிந்து மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறல் அது. அதை மறக்கமாட்டேன் என்று நினைத்திருந்தேன். மறக்கவும் இல்லை. தெரிந்தேதான் 'போடுங்க' என்றேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். என் சொந்த வண்டியும் அதே மாடல்தான். பத்தடி தள்ளி வேப்பமர நிழலில் நின்றது. அதில் நல்ல ஆர்ம் இருந்தது. அதைக் கழற்றலாம் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. அன்று மாலை ரயிலில் வீட்டுக்குப் போகவேண்டியிருக்குமே என்று தோன்றியதும் போய்விட்டது.

மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். மோதிய வண்டியைப் பார்க்க இன்சூரன்ஸ் ஆள் மதியம் வருவதாக இருந்ததால், ஏழுமலை அதன் முன்பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த ஆர்ம் போய்ச் சேரும் இடத்தில் நக்கிள் என்று ஒரு வார்ப்பிரும்புத் துண்டு இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குள் வந்து, மேசைமேல் இருந்த தாள்களின் மீதே வைத்தார். மேலெல்லாம் சாக்பீஸ் தூள். குறுக்கே ஒரு கறுப்புக் கோடு.

"இவ்ளோ பெரிய இரும்பே கீறல் வுட்டுகினு கீது சார்" என்றார். "இந்த அடி ஆர்முக்கும் போயிருக்கும்."

அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவையில்லை. ஆர்ம் உடைந்தால் சக்கரம் உள்பக்கமாக மடியும். ஸ்டியரிங் கையில் இருக்கும், வண்டி கையில் இருக்காது. அந்த வண்டியில் ஒரு பெண் ஏழு மாதக் கர்ப்பத்தோடு ஏறப்போகிறாள்.

தனசேகரை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். வளைகாப்பு வீட்டில் கைப்பேசி யாருடைய கைப்பையில் கிடக்கிறதோ! எங்கள் பதிவில் மகள் சுகந்தியின் எண்ணும் இருந்தது. அவளும் எடுக்கவில்லை. "கெளம்பலாம் சார்" என்று ஏழுமலை என் மேசையிலிருந்த சாவியை எடுத்தார்.

அவர் ஓட்டினார், நான் அழைத்துக்கொண்டே இருந்தேன். கொளவாய் ஏரி ஓரமாகப் போகும்போது ஏழு முறை அழைத்திருந்தேன். செங்கல்பட்டில் திரும்பித் திருக்கழுக்குன்றம் சாலையைப் பிடித்தோம். எதிரில் எங்காவது ஓரமாகக் கூட்டம் தெரிந்தால் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் கூட்டம் நின்றது. கிட்டே போனால் தர்பூசணி வண்டி. திருக்கழுக்குன்றத்தில் ஒரு லாரியைச் சாலைக்குக் குறுக்கே பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில்தான், தனசேகரைப் பார்த்ததும் என்ன சொல்லவேண்டும் என்று மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். 'நான்தான் போடச் சொன்னேன். என் தப்பு.' சின்ன வாக்கியங்கள்தான். இரண்டு முறை உதட்டை அசைத்துச் சொல்லியும் பார்த்தேன்.

சதுரங்கப்பட்டினத்தில் பந்தல் போட்ட வீட்டைக் கண்டுபிடித்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி சந்தனக் கையோடு வந்தார். "இப்பத்தான் சார், அஞ்சு நிமிஷம்கூட ஆகல. நேரா திருக்கழுக்குன்றம் வழியா போவாங்கன்னு நெனச்சோம். பொண்ணு மாமல்லபுரத்துல பெருமாளக் கும்பிட்டுட்டுப் போலாம்னு சொல்லிச்சு. அதான் கடற்கரை ரோட்ல போயிட்டாங்க. நீங்க சாப்பிட்டுப் போங்க சார்."

வண்டியைத் திருப்பும்போதே என் கைப்பேசி அடித்தது. சுகந்தி.

"சார், நெறைய தடவ கூப்பிட்டிருக்கீங்க! ஃபங்ஷன்ல பாக்கல சார்." அவள் பேசப் பேசக் கண்ணாடி வளையல்கள் குலுங்கும் சத்தம் கேட்டது. முழங்கை வரை போட்டிருப்பார்கள். பின்னால் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. முப்பது வருஷமாக வாடிக்கையாளர்களோடு பேசிப் பழகியவன். கர்ப்பிணிப் பெண்ணைப் பயமுறுத்தக்கூடாது என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆகவே, "ஒண்ணுமில்லம்மா, கம்பெனியில இருந்து ஒரு சின்ன செக்கப் சொல்லியிருக்காங்க. அப்பாவை வண்டிய எங்கயாவது நிறுத்தச் சொல்லுங்க, பின்னாடியே வந்துட்டிருக்கோம்" என்றேன்.

அவள் திரும்பிச் சொல்வது கேட்டது. பிறகு தனசேகரின் குரல்: "இப்ப இன்னா செக்கப்பு? வண்டி வெண்ண மாதிரி போய்கினு கீது. மாமல்லபுரத்தாண்ட நிக்கறோம்னு சொல்லு. அவரையும் வரச்சொல்லு, கோயில்ல பொங்கல் துன்னுட்டுப் போலாம்." வண்டி முழுக்கச் சிரித்தது.

"அப்பா மாமல்லபுரத்துல நிறுத்தறேன்னு சொல்றாரு சார்."

"சரிம்மா" என்றேன்.

அழைப்பு துண்டித்தது. ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார் சரி? மாமல்லபுரம் அவங்களுக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் கீது. நடுவுல ரோடு போடற எடத்துல குழி குழியா கீது. போன் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க."

போட்டேன். மூன்றாவது மணியில் சுகந்தி எடுத்தாள்.

"பாப்பா, நான் மெக்கானிக் ஏழுமலை. போன அப்பா காதாண்ட வையி. அண்ணாத்த, நேத்து போட்ட ஆர்ம் மோதுன வண்டில இருந்து எடுத்தது. கீறல் வுட்டிருக்கும். ஒடஞ்சா வீல் மடிஞ்சிடும். பிரேக்க டக்குனு அடிக்காத. வெட்டித் திருப்பாத. ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடு. வண்டி தானா கொறையட்டும். அப்டியே எடது பக்கம் ஒதுக்கு."

சிரிப்பு நின்றுபோனது. எஞ்சின் சத்தம் இறங்குவது கேட்டது. பிறகு டயருக்கடியில் ஜல்லி நொறுங்கும் சத்தம். வளையல்கள் ஒரு முறை மொத்தமாகக் குலுங்கின.

"நின்னுட்டேன்டா" என்றார் தனசேகர்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் சவுக்குத் தோப்பின் ஓரத்தில் நின்றிருந்தார்கள். சுகந்தி சீர்வரிசைப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். தனசேகர் நேராக என்னிடம் வந்தார். பட்டுவேட்டியில் செம்மண் ஒட்டியிருந்தது.

"இன்னா சார் இது? எவன் வேல இது?"

திருக்கழுக்குன்றத்தில் தயார் செய்த வாக்கியங்கள் என்னிடம் இருந்தன. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கழட்டும்போது பையன் வண்டிய மாத்தி எடுத்துட்டான். காலையில எனக்குத் தெரிஞ்சதும் ஓடி வந்துட்டேன்."

தனசேகர் ஏழுமலை பக்கம் திரும்பினார். "ஏண்டா, கண்ணு பொட்டையாடா உனுக்கு? என் பொண்ணு வயித்துல புள்ளய வச்சிகினு கீறாடா!" கையை ஓங்கிவிட்டார். அவர் மனைவி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். புதுச்சேரி பஸ் ஒன்று எங்களைக் கடந்து போனது. அது போய் முடிகிறவரை பார்த்தார். பிறகு, "தப்புதான் அண்ணாத்த" என்று சொல்லிவிட்டு ஜாக்கி எடுக்கப் போனார்.

என் வண்டிச் சாவியைத் தனசேகரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டார். குடும்பம் என் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போனது. இழுவை வண்டிக்காக நாங்கள் இருவரும் சவுக்கு நிழலில் காத்திருந்தோம். கடல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "நாளைக்கு நானே அவர்கிட்ட சொல்லிடறேன் ஏழுமலை" என்றேன்.

"வுடுங்க சார். வண்டி நின்னுச்சில்ல."

அன்று மாலை ஒர்க்ஷாப்பில் அந்த ஆர்மைக் கழற்றி ஊறவைத்து, துடைத்து, சாக்பீஸ் தூள் தடவினார். புஷ் என்ற ரப்பர் வளையம் பொருந்தும் முனையில் விரல் நகத்தின் நீளத்துக்கு ஒரு கோடு கசிந்தது. அவர் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டவில்லை. பெஞ்சின்மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். நானாகப் போய்ப் பார்த்தேன்.

மறுநாள் நான் சொல்லவில்லை. அதற்குள் தனசேகர் குழுவில் எழுதிவிட்டார். நீங்கள் சுவரில் படிப்பது அதன் அச்சுப் பிரதிதான். கம்பெனி போனாலும் ஆட்கள் போகவில்லை என்று அதன்கீழே நூற்றுக்கணக்கானோர் எழுதி, கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். விற்கலாம் என்றிருந்தேன், இனி விற்கமாட்டேன் என்று சிலர் எழுதினார்கள். அந்த மாதம் சர்வீசுக்கு வண்டிகள் அதிகம் வந்தன. முதலாளி சட்டம் போட்டு மாட்டினார். அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். துணிவில்லை என்பதுதான் சரி.

வந்த வண்டிகளோடு இன்னொரு பேச்சும் வந்தது. "அந்த ஆள் என் வண்டியத் தொடவேணாம் சார்." மூன்று பேர் சொன்னார்கள், பிறகு பத்துப் பேர். வக்கீல் எழுத்தில் கேட்டார். ஏழுமலையை வாட்டர் வாஷுக்கு மாற்றினேன். எங்களிடம் இருந்ததிலேயே நல்ல மெக்கானிக், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் வண்டி கழுவினார். மூன்றாவது மாதம் விலகல் கடிதம் கொடுத்தார். நான் அதில் கையெழுத்துப் போட்டேன்.

இது நடந்த பிறகு நான் ஓய்வு பெற்றேன். கம்பெனி திரும்பி வரும், தொழிற்சாலை திறக்கும் என்றெல்லாம் பேச்சு அடிபடுகிறது. எதற்கும் நான் பொறுப்பில்லை. இந்தக் கட்டுரைக்கு மட்டும் பொறுப்பு. எழுதத் தொடங்கும் முன் இரண்டு இடத்துக்குப் போனேன்.

முதலில் பாலூர். தனசேகர் வீட்டு வாசலில் அந்த வண்டி கழுவித் துடைத்து நின்றது. பேரன் அதன் பின்சீட்டில் குதித்துக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர் எழுந்துபோய்ப் பேரனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு வந்தார்.

"அன்னிக்கே சொல்லிருந்தா, நாலு வார்த்த அசிங்கமாத் திட்டிட்டு வுட்டிருப்பேன் சார். அவ்ளோதான் ஆயிருக்கும்" என்றார். "உன்னக் கையெடுத்துக் கும்பிட்டேன். வண்டிய நிறுத்தினவன அடிக்கக் கை ஓங்கினேன். இப்ப நான் இன்னா மூஞ்சிய வச்சிகினு அவன் முன்னாடி போயி நிப்பேன்? சொல்லு."

அவர் டீ கொடுத்தார். குடித்தேன். வாசல் வரை வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

ஏழுமலையின் கடை திருக்கழுக்குன்றம் சாலையில் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. சிமெண்ட் தகடு போட்ட கொட்டகை, முன்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள், எல்லாம் அந்தக் கம்பெனி வண்டிகள்தான். பெட்டிக்கடையில் வழி கேட்டபோது, "அமெரிக்கா ஏழுமலையா?" என்று கேட்டார்கள். வாலாஜாபாத்திலிருந்தெல்லாம் தேடி வருகிறார்களாம். இந்த வண்டிகளுக்கு மாவட்டத்தில் இன்னும் நல்ல பெயர் இருக்கிறதென்றால் அது அவரால்தான். நான் அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், நிறுத்தியதில்லை.

"வாங்க சார்" என்றார். "வண்டி இன்னா சொல்லுது?"

"வண்டிக்காக வரல ஏழுமலை..."

"உள்ள வரசொல்லவே கேட்டுச்சி. லெப்ட்ல சத்தம். ஏத்துங்க."

ஏற்றிப் பார்த்தார். லோயர் ஆர்ம். அன்று நான் கொடுக்காமல் காப்பாற்றி வைத்துக்கொண்ட அதே ஆர்ம், தேய்ந்து போயிருந்தது. உள்ளே போய்ப் புது சாமானைக் கொண்டுவந்து, ஒட்டு பிரிக்காத அட்டைப் பெட்டியோடு என் கையில் கொடுத்தார்.

"பிரிங்க சார்."

"நானா?"

"இங்க கஸ்டமர்தான் பிரிக்கணும். அவங்களே பிரிச்சி, அவங்களே பாத்து, என் கையில குடுக்கணும். அப்பத்தான் மாட்டுவேன். கடை தொறந்த நாள்ல இருந்து அதான் ரூலு."

ஒட்டின நாடாவில் என் நகம் ஏறவில்லை. கத்தி கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர் உதவ வரவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நாடாவோடு போராடிக்கொண்டே, தனசேகரிடம் சொல்லிவிட்டதைச் சொன்னேன். அவர் கேட்ட கேள்வியையும் சொன்னேன். உங்களுக்காக இதை எழுதப்போவதையும், சட்டத்தைக் கழற்றச் சொல்லப்போவதையும் சொன்னேன்.

"அண்ணாத்தய வரச்சொல்லுங்க. வண்டி பாத்து நாளாச்சு" என்றார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "எழுதுங்க சார். ஆனா ஒண்ணு. பையன்னு எழுதாதீங்க. அன்னிக்கு அண்ணாத்த கை ஓங்கினதுகூட எனக்குப் பெருசில்ல. நீங்க பையன்னு சொன்னீங்க. எனக்கு அப்போ முப்பத்தாறு வயசு சார். உங்ககிட்ட பதினாலு வருஷம் வேல செஞ்சிருந்தேன்."

நாடா பிரிந்தது. ஆர்மை எடுத்து, திருப்பிப் பார்த்து, அவர் கையில் கொடுத்தேன்.

அந்தக் கடிதத்தில் 'ஒரு மெக்கானிக்' என்று இருப்பவரின் பெயர் ஏழுமலை. வண்டியை நிறுத்தியவர் அவர்.